ஹோமோலோகேஷன்: சொல் விளக்கம்

உலக சூப்பர்பைக் பந்தயம் பார்ப்பவர்களுக்கு இந்தச் சொல் பழக்கம். 'புது மாடலுக்கு ஹோமோலோகேஷன் வாங்கிவிட்டார்கள்' என்பார் வர்ணனையாளர். விஷயம் இதுதான்: ஒரு நிறுவனம் கடையில் விற்கும் பைக்கைப் பன்னாட்டு மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்.ஐ.எம். சோதித்துப் பார்த்து, 'இது எங்கள் விதிக்குள் வருகிறது' என்று பதிவு செய்துகொள்கிறது. பதிவான பிறகு சேஸியில், அதாவது பைக்கைத் தாங்கும் சட்டத்தில், இஷ்டத்துக்குக் கைவைக்க முடியாது. சஸ்பென்ஷன், சைலன்சர் போன்றவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

பணக்கார நிறுவனம் பந்தயத்துக்கென்றே ஒற்றை அதிசய பைக்கைச் செய்து இறக்கிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். அதனால்தான் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தயாரித்தாக வேண்டும் என்ற நிபந்தனை. நல்ல விதிதான், ஆனால் இன்ஜினியர்கள் சும்மா இருப்பார்களா? பந்தய பைக்கைச் செய்துவிட்டு அதற்கு ஹெட்லைட் மாட்டி விற்றார்கள். ஹோண்டாவின் ஆர்.சி.30ஐப் பாருங்கள். டைட்டானியம் கனெக்டிங் ராடு, செயினுக்குப் பதில் கியரால் ஓடும் கேம்ஷாஃப்ட், பின் சக்கரத்தைச் சட்டென்று கழற்ற, அதை ஒரு பக்கம் மட்டும் தாங்கும் ஒற்றைக் கை ஸ்விங்ஆர்ம். கடைக்குப் போய் வர எவனுக்கு இதெல்லாம் வேண்டும்? 1988இல் உலக சூப்பர்பைக் போட்டி தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டுகளும் ஃப்ரெட் மெர்க்கல் இந்த பைக்கில்தான் பட்டம் வென்றார். இப்படிப் பிறந்த பைக்குகளுக்கு 'ஹோமோலோகேஷன் ஸ்பெஷல்' என்று பெயர்.

விதியால் நொந்தவர்களும் உண்டு. நான்கு முறை சாம்பியனான கார்ல் ஃபோகார்ட்டி, மலேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் பணத்தில் மூன்று சிலிண்டர் எஃப்.பி.1 பைக்கைக் கொண்டுவந்தார். இன்ஜின் அளவுக்கு அன்றைய உச்சவரம்பு: நான்கு சிலிண்டருக்கு 750 சிசி, மூன்றுக்கு 900, இரண்டுக்கு 1000. அந்த 900ஐ நம்பிச் செய்த பைக் அது. ஒப்புதலுக்காக 150 பைக்குகளைத் தயாரித்தும் காட்டினார்கள். 2003இல் பந்தயத்துக்கு வந்தபோது நான்கு சிலிண்டருக்கும் 1000 சிசி என்று விதி மாறியிருந்தது. அப்புறம் அந்த பைக் தலையெடுக்கவே இல்லை.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் 'ஹோமோஸ்' என்றால் ஒரே, 'லோகோஸ்' என்றால் சொல். இரண்டும் சேர்ந்த 'ஹோமோலோகெய்ன்' என்ற வினைக்கு ஒரே பேச்சாகப் பேசுவது, அதாவது ஒத்துக்கொள்வது என்று பொருள். லத்தீன் வழியாக ஐரோப்பியச் சட்டமொழிக்குள் நுழைந்து, அங்கிருந்து வாகனப் பந்தயத்துக்கு வந்தது. 1962இல் வந்த ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வில் உள்ள 'ஓ' இதன் இத்தாலிய வடிவமான 'ஓமோலோகாட்டோ'தான். பந்தயமே பார்க்காத நம் ஊர் வாகனத் தொழிற்சாலை ஆட்களும் இதை அன்றாடம் சொல்கிறார்கள். புது மாடல் சாலைக்கு வருமுன் வாங்கும் அரசுச் சான்றுக்கும் இதே பெயர்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'ஒப்பேற்பு' என்று ஆக்கலாம், ஆனால் 'ஏதோ ஒப்பேத்திட்டாங்க' என்ற பேச்சு வழக்கு காதில் விழுந்து காரியத்தைக் கெடுத்துவிடும். 'அங்கீகாரம்' எதற்கும் பொருந்தும் பொதுச்சொல். சாலை வாகனத்துக்கு 'வகை ஒப்புதல்', பந்தய பைக்குக்குப் 'பந்தய ஒப்புதல்' என்பதே என் தேர்வு. கிரேக்கச் சொல்லைப் போலவே 'ஒப்பு' என்ற நம் வேருக்கும் ஒத்திருத்தல், ஒத்துக்கொள்ளுதல் என இரண்டு முகங்கள் உண்டு.

ஆனால் குழப்பமும் அங்கேதான். ஒப்புதல் கிடைத்த பைக்குகள் எல்லாம் ஒரே பலம் கொண்டவை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. 2019இல் டுகாட்டி பானிகாலே வி4 ஆர் முறையாக ஒப்புதல் பெற்றே வந்தது. ஆல்வாரோ பாட்டிஸ்டா அதில் ஏறி முதல் 9 பந்தயங்களையும் வாரிக்கொண்டு போனார். உடனே அதன் இன்ஜின் சுழற்சி வரம்பை நிமிடத்துக்கு 16,350லிருந்து 16,100ஆகக் குறைத்தார்கள். இது ஒப்புதல் அல்ல, பைக்குகளின் பலத்தைச் சமமாக்கும் 'சமன்படுத்தல்'. வேறு விதி, வேறு சொல். குறைத்த பிறகும் பாட்டிஸ்டா நெதர்லாந்தின் அஸ்ஸனில் இரண்டு பந்தயம் வென்றார். பிறகு அடிக்கடி கீழே விழுந்து, பட்டத்தைக் கவாசாகியின் ஜோனதன் ரேயிடம் விட்டார். பைக்கை மட்டும் குற்றம் சொன்னவர்கள் அதற்கப்புறம் கொஞ்சம் அடங்கினார்கள்.

இரண்டு விதிகளும் மோதிக்கொண்டது 2021இல். கவாசாகி தன் இசட்.எக்ஸ்-10ஆர்.ஆர் பைக்கைப் புதுப்பித்து, புது மாடல் என்ற கணக்கில் கூடுதல் சுழற்சி வரம்பை எதிர்பார்த்தது. 'இதைப் புது பைக் என்று ஏற்க முடியாது' என்றது எஃப்.ஐ.எம்.; பழைய 14,600லேயே ஓட வேண்டியதாயிற்று. தொடர்ந்து ஆறு பட்டம் வென்றிருந்த ரே, அந்த ஆண்டு யமஹாவின் டோப்ராக் ரஸ்காட்லியோலுவிடம் தோற்றார்.