பட்டை டேங்க தாங்காது: வண்டிக்கு அடியில தொங்குற தண்ணி டேங்கு பத்தி

போன மார்கழில கொடைக்கானல் பக்கத்துல இருந்து ஒருத்தர் தன்னோட கேரவனை ஜீப்புல மாட்டி இழுத்துக்கிட்டு கப்பலூர் நம்ம பட்டறைக்கு வந்தாரு. ரெண்டு பேர் படுக்குற மாதிரி சின்ன வண்டி, எஞ்சின் கெடையாது, இழுவை வண்டிதான். "அண்ணே, ஸ்பீடு பிரேக்கர் ஏறி எறங்கும்போதெல்லாம் அடியில தொம்முனு ஒரு சத்தம் வருது, ஸ்பிரிங் பிளேட்டு போயிருச்சான்னு பாருங்க"ன்னாரு. அடியில படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பிளேட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. தண்ணி டேங்குதான் வயிறு சரிஞ்சு நாலு விரக்கடை கீழ தொங்கிக்கிட்டு இருந்துச்சு. 200 லிட்டர் பிளாஸ்டிக் டேங்கு, அதைத் தாங்குறதுக்கு ரெண்டே ரெண்டு இரும்புப் பட்டை, ஒரு இன்ச் அகலம், 3 எம்எம் கனம், ரெண்டு பக்கமும் செல்ஃப் ஸ்க்ரூ, அதான் நட்டு இல்லாம இரும்புலயே மரை வெட்டிக்கிட்டு ஏறுற ஸ்க்ரூ, போட்டு ஏத்தியிருக்காங்க. வலது பக்கம் பின்னாடி ஸ்க்ரூ கழண்டு போயி பட்டை ஒரே ஸ்க்ரூல நின்னுச்சு. வண்டி செஞ்சு எட்டு மாசந்தான் ஆச்சுங்கிறாரு.

அந்த வண்டில அவரு பின்னாடி ரெண்டு பேரப்பிள்ளைக சைக்கிள மாட்டி வச்சிருந்தாரு. பத்து நாள்ல குடும்பத்தோட ராமேஸ்வரம் கெளம்புறதா பிளானாம். எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

இத எழுதுறதுக்குக் காரணம் அந்த ஒரு வண்டி மட்டும் இல்ல. இப்ப நம்ம பக்கம் கேரவன் கூடிப்போச்சு, ரோட்டோரம் சாப்பாட்டுக் கடை போடுற வண்டி, கேட்டரிங் வண்டி, சபரிமலை சீசனுக்கு சமையல் சாமான் ஏத்திட்டுப் போற வேன்னு எல்லாத்துக்கும் அடியில ஒரு தண்ணி டேங்க கட்டித் தொங்கவிட்டுறாங்க. வெளியில பெயின்ட் அம்புட்டு அழகா இருக்கும், உள்ள லைட் செட்டிங் பிரமாதமா இருக்கும், ஆனா குனிஞ்சு அடியில பார்க்குற ஆளு கெடையாது. டேங்கு விழுந்தா நமக்கு தண்ணி போச்சு அவ்வளவுதானேன்னு நெனைக்கிறாங்க. பின்னாடி டூவீலர்ல வர்றவன நெனைச்சுப் பாருங்க.

எனக்கு அது நேர்லயே நடந்துச்சு, அதையும் மறைக்காம சொல்லிடுறேன். பட்டறை ஆரம்பிச்ச புதுசுல ஒரு கேட்டரிங் வண்டிக்கு 300 லிட்டர் டேங்கு கட்டிக் குடுத்தேன், எல்லாரும் எப்படிக் கட்டுனாங்களோ அப்படியே பட்டை போட்டுத்தான் கட்டுனேன், அப்ப எனக்கு சொல்லிக் குடுத்தவரும் அப்படித்தான் காமிச்சாரு. அஞ்சாறு மாசம் கழிச்சு உசிலம்பட்டி ரோட்டுல ஒரு கல்யாணத்துக்குப் போற வழியில பட்டை அறுந்து டேங்கு ரோட்டுல உருண்டுருச்சு. பின்னாடி ஒரு அப்பா தன் மகளை வண்டில வச்சுக்கிட்டு வந்திருக்காரு, ஒடிச்சுத் திருப்புனதுல ரெண்டு பேரும் மண்ணுல சரிஞ்சுட்டாங்க. சிராய்ப்போட போச்சு, சாமி புண்ணியம். நான் ஆஸ்பத்திரிக்குப் போயி பார்த்தப்ப அந்தப் புள்ள முழங்கைல கட்டோட உக்காந்து என்னயப் பார்த்த பார்வை இன்னைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. அன்னைல இருந்து பட்டைய நம்பி ஒரு டேங்கு கூட நான் ஏத்தல.

சரி, ஏன் விழுது? ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. 200 லிட்டர்னா 200 கிலோ, சிமெண்டு மூட்டைக் கணக்குல நாலு மூட்டை. நாலு சிமெண்டு மூட்டைய ரெண்டு பட்டைல கட்டி வண்டிக்கு அடியில தொங்கவிட்டு திருமங்கலத்துல இருந்து திருச்சி வரைக்கும் ஓட்டுவீங்களான்னு கேட்டா யாரும் மாட்டேன்னுதான் சொல்லுவாங்க, ஆனா தண்ணின்னு வந்துட்டா கனமே தெரியமாட்டேங்குது. வண்டி நிக்கும்போதுதான் அது 200 கிலோ. பள்ளத்துல எறங்கி ஏறும்போது அதே டேங்கு ரெண்டு மடங்கு மூணு மடங்கு கனமா அடிக்கும், அதனால நான் எப்பவும் மூணு மடங்குக்குத்தான் கணக்குப் போடுவேன், அதாவது 600 கிலோ.

ஸ்க்ரூவையும் பாருங்க. பாடி கட்டுற ஸ்கொயர் பைப்போட சுவரு ஒன்றரை எம்எம்தான் இருக்கும். செல்ஃப் ஸ்க்ரூ அதுல ஏறுனா ஒரு மரை, மிஞ்சிப்போனா ரெண்டு மரைதான் புடிச்சிருக்கும். அது தகரம் ஒட்ட வைக்கிறதுக்கான ஸ்க்ரூ. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓட்டை கொஞ்சங்கொஞ்சமா பெருசாகும், ஒருநாள் மரையே இல்லாம வெறும் ஓட்டைல நின்னுக்கிட்டு இருக்கும்.

இன்னொரு விஷயம் பிளாஸ்டிக். இந்த டேங்கெல்லாம் பாலிஎத்திலீன், இளகுற ஜாதி. ஒரு எடத்துல ரொம்ப நாள் கனம் ஏத்தி வச்சா மெல்ல மெல்ல நீண்டு சரியும், கனத்த எறக்குனாலும் பழைய வடிவத்துக்கு முழுசா திரும்பாது. சூடு கூடுனா இன்னும் வேகமா சரியும், நம்ம ஊரு சித்திரை வெயில்ல 40 டிகிரி வெளியிலன்னா தார் ரோட்டுக்கு மேல வண்டிக்கு அடியில எப்படி இருக்கும்னு நான் சொல்லத் தேவையில்ல. ரெண்டு பட்டைல நிக்கிற டேங்கு நடுவுல வயிறு தள்ளும், வயிறு தள்ளுனா பட்டை லூசாகும், லூசானா டேங்கு துள்ளும், துள்ளுனா ஸ்க்ரூ கழலும். கூடவே தண்ணி வெளிய போற பைப்பு மாட்டுற மூலை இருக்கு பாருங்க, அங்கதான் மொத விரிசல் விழும். நெறைய பேரு கசிவுக்கு எம்சீல் வச்சு அடைச்சுட்டுப் போயிடுறாங்க, டேங்கு சரிஞ்சுதான் விரிசல் விட்டுச்சுங்கிறதப் பார்க்குறதில்ல.

அமெரிக்காவுல டிராவல் ட்ரெய்லர்னு இழுத்துட்டுப் போற வீட்டு வண்டி நெறைய. அங்கயும் இதே கதைதான். 50 கேலன் டேங்குன்னா கிட்டத்தட்ட 189 லிட்டர், அத சாசியோட, அதான் வண்டியோட அடிச்சட்டத்தோட, ரெண்டு ஐ பீமுக்கு (ஐ எழுத்து வடிவ இரும்பு உத்தரம்) நடுவுல லேசான ஆங்கிள்லயோ (எல் வடிவ இரும்பு) பட்டைலயோ நிக்க வச்சு, கீழ கருப்பு பிளாஸ்டிக் அட்டை போட்டு மொத்தமா மூடிடுவாங்க. மூடி இருக்குறதால சரியுறதே வெளிய தெரியாது, அட்டையே தொப்பை போட்டப்பதான் கண்டுபிடிக்கிறாங்க. அங்க நெறைய பேரு டேங்க காலியா வச்சு ஓட்டிட்டுப் போயி, தங்குற எடத்துல தண்ணி புடிச்சுக்குவாங்க. நம்ம ஊர்ல அது முடியாது, தண்ணி எங்க கெடைக்கும்னு தெரியாம வீட்டுலயே ரொப்பிக்கிட்டுத்தான் கெளம்புறோம், அதனால நம்ம டேங்குக்கு அடி இன்னும் ஜாஸ்தி.

இப்ப எப்படி சரி பண்றதுன்னு வர்றேன். பட்டைங்கிறது டேங்கு துள்ளாம மேல இருந்து புடிக்கிறதுக்கு மட்டுந்தான். கனத்தத் தாங்குறது கீழ இருக்குற கட்டில், அந்தக் கட்டில் சாசியோட சேரணும், பாடியோட இல்ல. கட்டில்னே எங்க பட்டறைல சொல்றது, ஏன்னா டேங்கு அதுமேல படுத்திருக்கணும், தொங்கக்கூடாது.

நான் 200 லிட்டருக்கு 50க்கு 50, 5 எம்எம் ஆங்கிள் மூணு எடுத்து குறுக்க போடுவேன். ஒரு மீட்டருக்கு 3.8 கிலோதான் வரும், மூணு ஆங்கிளும் சேர்ந்து 20 கிலோவுக்குள்ள முடிஞ்சுரும், வண்டி கனம் கூடிருமேன்னு பயப்பட வேண்டியதில்ல. செலவக் கொறைக்கிறதுக்கு 25க்கு 25, 3 எம்எம் ஆங்கிள் ரெண்டு போதும்பாங்க. மூணு அடி அகலத்துக்கு அந்த ரெண்டு ஆங்கிள் 200 கிலோவ வாங்குனா, வண்டி சும்மா நிக்கும்போதே அந்த இரும்பு வளையுற எல்லைல வந்து நின்னுரும், அப்புறம் பள்ளத்துக்கு ஏது மிச்சம். ஆங்கிள்ல உசரந்தான் பலம், அகலம் இல்ல. ஒரு பட்டைய படுக்க வைக்காம செங்குத்தா நிறுத்திப் பாருங்க, கைல வளைச்சாலே வித்தியாசம் தெரியும்.

குறுக்கு ஆங்கிளுக்கு மேல ஒரு தகடு, டேங்கோட அடி முழுசும் உக்கார்ற மாதிரி, அங்கங்க ஓட்டை போட்டு, இல்லன்னா மழைத்தண்ணி தேங்கி துரு புடிச்சுரும். தகட்டுக்கு மேல ரப்பர் ஷீட்டு. பழைய கன்வேயர் பெல்ட்டு கெடைச்சா அதவிட நல்லது எதுவும் இல்ல. வெட்டுன ஆங்கிளோட கூர் முனைய கிரைண்டர்ல உருட்டி விடாம எந்த டேங்கும் ஏத்தாதீங்க, அந்த ஒரு முனை பிளாஸ்டிக்க அறுத்துக்கிட்டே இருக்கும்.

சுத்தி நாலு பக்கமும் ஒரு தடுப்பு வேணும், முக்கியமா முன்பக்கம். டேங்கு பாதி ரொம்பியிருக்கும்போதுதான் ஆபத்து ஜாஸ்தி, முழுசா இருந்தா தண்ணி ஆட எடமில்ல, பாதில பிரேக் அடிச்சா அம்புட்டுத் தண்ணியும் முன்னாடி வந்து மோதும். ஆனா தடுப்ப இறுக்கிப் புடிச்சும் வைக்கக்கூடாது. இந்தப் பிளாஸ்டிக் ஒரு மீட்டர் நீளத்துக்கு, 30 டிகிரி சூடு ஏறுனா அஞ்சு எம்எம் கிட்ட நீளும், அதுக்கு எடம் விட்டு நடுவுல ரப்பர் வைங்க. பைப்பு மாட்டுற எடத்துலயும் பிவிசிய நேரா ஒட்டாம கொஞ்சம் ஹோஸ் குடுத்து கிளிப்பு போடுங்க, வண்டி ஆடும்போது ஹோஸ் ஆடிக்கும்.

சாசில ஓட்டை போடுறதப் பத்தி தனியா சொல்லணும். சாசியோட மேல் மடிப்புலயும் கீழ் மடிப்புலயும் ஓட்டை போடாதீங்க, வெல்டும் வைக்காதீங்க. வளையுற பாரம் பூராம் அந்த ரெண்டு மடிப்புலதான் ஓடுது, அங்க ஒரு ஓட்டை விழுந்தா சாசியே விரிசல் விடுறதுக்கு அதுதான் ஆரம்பம். நடுச்சுவர்ல ஓட்டை போட்டு, பின்னாடி ஒரு பிளேட்டு குடுத்து 8.8னு தலைல பலத்துக்கான நம்பர் அடிச்ச எம்12, அதாவது 12 எம்எம் போல்ட்டு, உள்ள நைலான் வளையம் இருக்குற நைலாக் நட்டு. சாதா நட்டும் ஸ்பிரிங் வாசரும் ஆட்டத்துக்கு கழண்டுரும், நைலாக்குக்கு சில ரூபா கூட ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வெல்டிங்கு டேங்க கழட்டி தூர வச்சுட்டுத்தான். 130 டிகிரிலயே உருகுற சாமான், ஒரு பொறி பட்டா ஊசி ஓட்டை விழும், அன்னைக்குத் தெரியாது, ரொப்புன பெறகுதான் சொட்டும். எஞ்சின் உள்ள வண்டின்னா பேட்டரி வயரையும் கழட்டிருங்க, வெல்டிங் கரண்டு எஞ்சினோட கம்ப்யூட்டர, அதான் ஈசிஎம்ம, அடிச்சுரும். கழட்டும்போது மொதல்ல தண்ணிய முழுசா எறக்கிட்டு, சக்கரத்துக்கு கட்டை குடுத்து, வண்டிய ஸ்டாண்டுல நிப்பாட்டி, டேங்குக்கு கீழ ஒரு பிளைவுட் பலகையோட ஜாக்கி வச்சுத்தான் பட்டையத் தொடணும். தம்பிகளா, வெறும் ஜாக்கிய நம்பி வண்டிக்கு அடியில யாரும் படுக்காதீங்க. கையெடுத்துக் கும்புட்டுக் கேக்குறேன்.

காத்து போற குழாய் ஒண்ணு இருக்கும் டேங்கு மேல. நெறைய வண்டில அது மடங்கியோ குளவி கூடு கட்டியோ அடைஞ்சு கெடக்கு. போர் மோட்டார் ஹோஸ நேரா வாயில சொருகி ரொப்பும்போது காத்து வெளிய போக வழியில்லாம டேங்கு பலூன் மாதிரி ஊதி கட்டிலையே தள்ளிவிடும். ரொப்புறதுக்கு முன்னாடி அந்தக் குழாய்ல வாய வச்சு ஒரு தடவ ஊதிப் பாருங்க, வேற ஒண்ணும் வேணாம்.

இழுவை வண்டில டேங்கு எங்க இருக்குங்கிறதும் முக்கியம். அச்சுக்குப் பின்னாடி 200 கிலோவ வச்சா மூக்கு தூக்கும், வேகத்துல வாலாட்ட ஆரம்பிச்சுரும். மொத்த எடைல பத்துல இருந்து பதினஞ்சு சதம் முன்னாடி இழுக்குற வண்டில மாட்டுற கொக்கில விழணும்னு அமெரிக்கால கணக்கு வச்சிருக்காங்க. டேங்கு அச்சுக்கு மேலயோ கொஞ்சம் முன்னாடியோ இருந்தா நிம்மதி. புதுசா பெரிய டேங்கு மாத்தி வைக்கிறதா இருந்தா ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுட்டு செய்யுங்க, மோட்டார் வாகனச் சட்டம் 1988ல 52வது பிரிவு வண்டிய இஷ்டத்துக்கு மாத்துறதத் தடுக்குது.

உங்க வண்டியப் பார்க்க பட்டறைக்கே வரணும்னு இல்ல. டேங்கு காலியா இருக்கும்போது அடியில ஒரு நூல இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு இழுத்துப் புடிச்சு, நடுவுல நூலுக்கும் டேங்கோட அடிக்கும் எம்புட்டு எடைவெளின்னு அளந்து வைங்க. ரொப்பிட்டு திரும்ப அளங்க, டேங்கு வயிறு நூலத் தள்ளுதான்னு பாருங்க. ஒரு விரக்கடைக்கு மேல எறங்குச்சுன்னா அந்த வண்டிய தண்ணியோட ரோட்டுக்கு எடுக்காதீங்க.

கொடைக்கானல்காரர் வண்டிக்கு கட்டில் போட்டு முடிக்க மூணு நாள் ஆச்சு. டேங்கோட மூலைல விரிசல் இருந்ததால டேங்கையும் மாத்தச் சொன்னேன், மொதல்ல தயங்குனாரு, சைக்கிளக் காமிச்சு பேசுன பெறகு சரின்னுட்டாரு. முழுசா தண்ணி ரொப்பி ரிங்ரோட்டுல நானே ஜீப்ப எடுத்து ஒரு ரவுண்டு போயிட்டு வந்து, அடியில படுத்து போல்ட்டு பன்னெண்டையும் திரும்ப டைட் வச்சேன். ரெண்டு போல்ட்டு கால் சுத்து வாங்குச்சு. ராமேஸ்வரம் போயி எறங்குனதும் ஒருக்கா டைட் பாருங்கன்னு சொல்லி ஸ்பேனரையும் குடுத்து விட்டேன். போன எடத்துல இருந்து ராத்திரி போன் அடிச்சாரு, "அண்ணே, பார்த்துட்டேன், ஒண்ணும் ஏறல"ன்னு.