டயஸ்போரா: புலம்பெயர் சமூகம்

'அமெரிக்காவின் சோமாலி டயஸ்போரா' என்று ஒரு செய்தி வந்தால், தமிழில் அது பெரும்பாலும் 'சோமாலி அகதிகள்' என்றே அச்சாகிறது. மினசோட்டா மாநிலத்துச் சோமாலியரில் பாதிக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். பிறந்த ஊரிலேயே பள்ளிக்குப் போய், வேலை பார்த்து, வாக்களிக்கும் ஒருவரை அகதி என்பது சொற்பிழை மட்டுமல்ல, செய்திப் பிழையும்கூட.

சொல் கிரேக்கத்தில் பிறந்தது. 'தியா' என்றால் ஊடாக, எங்கும். 'ஸ்பெயிரோ' என்றால் விதைக்கிறேன், தூவுகிறேன். எபிரேய மறைநூலைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டையொட்டிக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், உபாகமத்தில் வரும் சிதறடிப்புச் சாபத்துக்கு (28:25) இச்சொல்லை ஆண்டார்கள். பின்னர் நெடுங்காலம் இது யூதர்களையே குறித்தது. 1965இல் தான்சானியாவின் டார் எஸ் சலாம் நகரில் கூடிய ஆப்பிரிக்க வரலாற்றாய்வாளர் மாநாட்டில் வரலாற்றாய்வாளர் ஜார்ஜ் ஷெப்பர்சன் 'ஆப்பிரிக்க டயஸ்போரா' என்று பேசிய பிறகு ஆய்வுலகில் பொருள் விரிந்தது. அவர் மனத்தில் முதன்மையாக இருந்தவர்கள் அடிமை வணிகத்தால் கடல் கடத்தப்பட்டோரின் வழியினர். 1991இல் சோமாலியாவில் அதிபர் சியாத் பாரேயின் ஆட்சி வீழ்ந்து உள்நாட்டுப் போர் முற்றியபின் நாடுகள்தோறும் பரவிய சோமாலியர் போன்றோர் இச்சொல்லுக்குள் பிற்பாடு வந்தவர்கள்.

அகதி என்பது சட்டம் தரும் நிலை. 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, இனம், மதம், அரசியல் கருத்து முதலியவற்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க அச்சம் கொண்டு நாட்டை விட்டு வெளியேறியவரை அகதி என்றது. ஆப்பிரிக்காவின் அனுபவத்துக்கு இது போதவில்லை. தனி ஒருவரைக் குறிவைக்காமல் ஊரையே எரிக்கும் போருக்குத் தப்பியவர் என்ன ஆவார்? 1969இல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு தன் உடன்படிக்கையில், படையெடுப்பு, அந்நிய ஆட்சி, பொது ஒழுங்கைக் குலைக்கும் நிகழ்வுகள் ஆகியவற்றுக்குத் தப்பியோரையும் அகதியாகச் சேர்த்தது. இந்தச் சொல்லுக்கு ஆப்பிரிக்கா தந்த பொருள் அது.

இந்த நிலை பிள்ளைக்கும் பேரனுக்கும் தொடருமா என்பது போய்ச் சேர்ந்த நாட்டைப் பொறுத்தது. கென்யாவின் ததாப் முகாம்கள் 90,000 பேருக்கென்று 1990களின் தொடக்கத்தில் அமைந்தவை. அங்கே முகாமில் பிறந்தவர்களுக்கு முகாமிலேயே பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். கென்ய மண்ணில் பிறந்ததால் மட்டும் குடியுரிமை கிடைக்காது என்பதால் அந்தப் பிள்ளைகளும் அகதிகளே. அந்தப் பிள்ளைகளுடைய பாட்டியின் இன்னொரு மகள் மினசோட்டாவின் மினியாபொலிஸ் நகருக்கு மீள்குடியேற்றப்பட்டிருந்தால், அங்கே பிறந்த குழந்தை பிறந்த கணமே அமெரிக்கக் குடிமகள். மொகடிஷுவில் 1982இல் பிறந்த இல்ஹான் ஒமர், கென்ய முகாமில் நான்கு ஆண்டுகள் இருந்து, 1995இல் அமெரிக்கா வந்து, 2018இல் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்வானார். அவர் 'முன்னாள் அகதி'. அவருடைய பிள்ளைகளுக்கு அந்த 'முன்னாள்' கூடப் பொருந்தாது.

சோமாலியர் தம் மொழியில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்பது சுவையானது. அகதிக்கு 'கஹோத்தி', தப்பியோடுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. வெளிநாட்டில் வாழ்பவர் 'குர்பஜோக்'. 'குர்பா' அந்நிய மண்ணைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழி வந்தது. 'ஜோக்' என்றால் இரு, தங்கு. ஓட்டத்துக்கு ஒரு சொல், இருப்புக்கு ஒரு சொல். ததாபில் 'பூஃபிஸ்' என்று மூன்றாவது ஒன்றும் புழங்குகிறது. ஊதுதல், உப்புதல் என்ற பொருளுடைய வினையடியிலிருந்து வந்து, வெளிநாட்டில் மீள்குடியேறியே தீர வேண்டும் என்று ஆளை வாட்டும் ஏக்கத்தைக் குறிக்கிறது.  

இனித் தமிழுக்கு வருவோம். 'அகதி' வடசொல், கதி அற்றவர். 'ஏதிலி' அதற்கு மாற்றாக வழங்குகிறது. ஆனால் குறளில் 'ஏதிலார் குற்றம்போல்' என்று வரும்போது அதன் பொருள் அயலார் என்பதே. அஞ்சி ஓடிவந்தவர் என்ற குறிப்பு அதில் இல்லை. அகதி என்பதையே வைத்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. 'இமிகிரன்ட்' என்பதற்குக் குடியேறி. இலங்கை அரசு வழக்கில் 'குடிவரவு' என்ற சொல் ஏற்கெனவே நன்கு ஊன்றியிருக்கிறது.

டயஸ்போராவுக்கு நாம் ஆளும் 'புலம்பெயர்' என்ற சொல்லுக்குச் சங்க இலக்கியத்திலேயே வேர் உண்டு. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தை 'புலம்பெயர் மாக்கள் கலந்துஇனிது உறையும்' ஊர் என்கிறது. நம்மவர் வெளியே போனதைப் பற்றியதல்ல இந்த வரி. பல மொழி பேசும் அயலவர் நம் ஊருக்கு வந்து கலந்து வாழ்ந்ததைப் பற்றியது. 1983க்குப் பின் ஈழத்தமிழர்தாம் இச்சொல்லைத் தம் வாழ்வுக்கு எடுத்துப் புழக்கத்தில் நிறுத்தினார்கள்.

இங்கே ஓர் இலக்கண நுணுக்கம். 'புலம்பெயர்ந்தோர்' இறந்தகாலம்; பெயர்ந்து வந்த தலைமுறைக்கு மட்டுமே அது பொருந்தும். 'இரண்டாம் தலைமுறைக் குடியேறி' என்பது அதைவிட மோசம். அந்தப் பிள்ளை எங்கிருந்தும் குடியேறவில்லை. 'புலம்பெயர் சமூகம்' என்பதில் வருவதோ வினைத்தொகை: பெயர்ந்த, பெயர்கின்ற, பெயரும் என முக்காலமும் கரந்து நிற்கும். பாட்டியும், நேற்று விமானம் இறங்கியவரும், இனி வரப்போகிறவரும் அதற்குள் அடங்குவர். பேரப்பிள்ளையும் தானாகப் பெயராமலே அச்சமூகத்தில் உறுப்பாகிவிடுகிறார். ஆகவே டயஸ்போரா என்ற தொகுதிக்குப் 'புலம்பெயர் சமூகம்' என்றும், அங்கேயே பிறந்த தனியாளுக்குச் 'சோமாலி வழிவந்த அமெரிக்கர்' என்றும் எழுதலாம். அந்த 'வழிவந்த' என்பதும் செய்திக்குத் தேவைப்பட்டால் மட்டும்.