வெறும் வயிறு என்றால் மாத்திரையும் கூடாதா?

ஆபரேஷன் அன்று காலை பி.பி. 190/110. "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால், "வெறும் வயித்தோட வரச் சொன்னாங்களே சிஸ்டர்!" மறுபடியும் அதே பதில். மறுபடியும் ஒரு ஆபரேஷன் தள்ளிப்போகிறது.

வெறும் வயிறு சாப்பாட்டுக்குத்தான். திட உணவை 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். எண்ணெயில் பொரித்ததோ இறைச்சியோ என்றால் 8. வெறும் தண்ணீர் பெரும்பாலோருக்கு 2 மணி நேரம் முன்புவரை ஆகும். மாத்திரை விழுங்க ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதால் யாருக்கும் வயிறு நிரம்பாது. ஆனால் அதே மாத்திரையை அரை டம்ளர் பாலோடு போட்டுவிட்டு, "ஒண்ணும் சாப்பிடலையே" என்பவர்களும் உண்டு. பால் எங்கள் கணக்கில் சாப்பாடு. அதற்கும் 6 மணி நேரம்.

பி.பி.க்கும் இதயத்துக்கும் அட்டெனலால், மெட்டோபுரோலால் மாத்திரை போடுகிறவர் திடீரென்று விட்டால் இதயத் துடிப்பு எகிறும். வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர் எதையும் அன்றைக்கு விடாதீர்கள். சர்க்கரை மாத்திரைகளில், மெட்ஃபார்மின் பொதுவாக அன்று காலை வேண்டாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் 3 நாள் முன்பே நிற்க வேண்டும். பட்டினியோடு சேர்ந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். டெல்மிசார்டன், எனலாப்ரில் என்ற பி.பி. மாத்திரைகள் பற்றி மயக்க மருந்து டாக்டரைக் கேளுங்கள். பலருக்கு நிறுத்தச் சொல்வார். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை, அதுவும் ஸ்டென்ட் வைத்தவர்கள், தாங்களாக நிறுத்தவே கூடாது. "சின்ன வெள்ளை மாத்திரை சிஸ்டர்" என்றால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. அட்டையோடு கொண்டுவாருங்கள்.

ஆன்டிபயாடிக் ஊசி, பெரும்பாலும் செஃபசோலின் 2 கிராம், கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் போக வேண்டும். "ஏன் இன்னும் போடலை?" என்று வார்டில் கோபப்படாதீர்கள். சீக்கிரம் போட்டால், தேவைப்படும் நேரத்தில் மருந்தின் அளவு குறைந்திருக்கும். (வார்டு வேலை முடிகிறதே என்று முன்கூட்டியே போட்டுவிடும் நர்ஸ் தங்கைகளுக்கும் இது பொருந்தும்.) அலர்ஜி உண்டா என்று நாலு பேர் கேட்டால் நாலு பேருக்கும் பதில் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் போடும் மிடசோலாம் ஊசி, மயக்க ஊசி அல்ல; பதற்றத்தைக் குறைக்கும், தூக்கக் கலக்கம் தரும், அவ்வளவுதான். கையெழுத்து, சிறுநீர் கழிப்பது, பல்செட்டைக் கழற்றுவது எல்லாம் அதற்கு முன்பே முடிய வேண்டும். போட்டபின் கட்டில் கம்பியை ஏற்றிவிடுவோம். கூட இருப்பவர்களே, தயவுசெய்து அதை இறக்காதீர்கள்; பாத்ரூம் போக வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிடுங்கள், பெட்பேன் தருகிறோம்.