அசையாமல் நிற்கும் குதிரை அமைதியாகத்தான் இருக்கிறதா?

குதிரையைச் சிகிச்சைக்கு அழைத்து வருபவர்கள் என்னிடம் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "மிகவும் சாது, டாக்டர். குழந்தைகூடப் பக்கத்தில் போகலாம்." அவர்கள் பொய் சொல்வதில்லை. குதிரை உதைக்கவில்லை, கடிக்கவில்லை, கட்டிய இடத்தில் நிற்கிறது. நான் இடது முன்னங்கால் உடலோடு சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து எண்ணத் தொடங்குவேன். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும். சிலைபோல் நிற்கும் சாதுக் குதிரைகள் சிலவற்றில் அது 70ஐத் தாண்டி ஓடும். காய்ச்சல் இருக்காது, வயிற்றுவலிக்கான அறிகுறியும் இருக்காது. உரிமையாளரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னால் எண்ணிக்கை இறங்கும்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் சங்கடம். தன் குதிரை தன்னிடம் பாசமாக இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பவர் அவர்.

ஆபத்து என்றால் குதிரை முதலில் ஓடப் பார்க்கும். கட்டிவைத்தால் எதிர்த்துப் பார்க்கும். இரண்டுக்கும் அடிதான் கிடைக்கிறது என்று தெரிந்த பிறகு, எதையும் செய்யாமல் நின்றுவிடும். இந்தக் கடைசி நிலையைத்தான் நாம் "பழகிவிட்டது" என்கிறோம். பிரான்ஸின் ரென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சவாரிப் பள்ளிக் குதிரைகளைக் கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வு இந்த நிலையை விவரிக்கிறது. கழுத்து முதுகின் மட்டத்துக்கு நீண்டு கிடக்கும், கண் திறந்திருந்தும் எதையும் பார்க்காது, காது திரும்பாது, தொட்டாலும் அசைவு குறைவு. மனச்சோர்வுக்கு ஒப்பான நிலை இது என்பது அவர்கள் கருத்து. சுற்றுலாத் தலங்களில் நாள் முழுக்க ஆட்களை ஏற்றி இறக்கும் குதிரைகள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இந்த விவரணை எதற்குப் பொருந்துகிறது என்பது தானாகத் தெரியும்.

உண்மையில் நிம்மதியாக இருக்கும் குதிரை இப்படி உறைந்து நிற்காது. ஒரு காது முன்னால், ஒரு காது பக்கவாட்டில் என்று இரண்டும் தனித்தனியே திரும்பிக்கொண்டிருக்கும். கீழுதடு தளர்ந்து தொங்கும். ஒரு பின்னங்காலை மடக்கி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் வைத்து இளைப்பாறும். அவ்வப்போது நீளமாக மூச்சுவிடும். பயந்த குதிரையின் அடையாளம் நம் ஊர்க்காரர்களுக்கு ஏற்கெனவே தெரியும், அவ்வளவு அழகாக அதை மண்ணில் செய்து வைத்திருக்கிறோம்: அய்யனார் கோயில் குதிரையின் பிதுங்கிய விழி, விரிந்த மூக்கு, நிமிர்ந்த கழுத்து. காவல் தெய்வத்தின் வாகனத்துக்கு அந்தத் தோற்றம் பொருத்தம்தான். வீட்டுக் குதிரையிடம் அதே முகத்தைக் கண்டு "என்ன கம்பீரம்!" என்று செல்ஃபி எடுக்கிறோமே, அதுதான் சிக்கல்.

கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் குதிரைக்குச் சுற்றிலும் ஏறக்குறைய 350 பாகை தெரியும். தெரியாதவை நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம் இடமும் வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம் இடமும்தான். புதிதாகக் குதிரையைப் பார்க்க வரும் நம்மவர் என்ன செய்கிறார்? நேராக முன்னால் போய், கையை உயர்த்தி, அதன் நெற்றியைத் தட்டுகிறார். பார்வையில் இல்லாத இடத்திலிருந்து ஒரு கை வந்து விழுகிறது. குதிரை தலையைத் தூக்கினால் "முரட்டுக் குதிரை" என்ற பெயர் வேறு.

தோள் பக்கமாக, சற்றுச் சாய்வாக நடந்து போங்கள். போகும்போதே பேசுங்கள். குதிரை காதைத் திருப்பினாலோ தலையை உயர்த்தினாலோ அங்கேயே நின்றுவிடுங்கள். நீங்கள் நிற்கிறீர்கள் என்பதே அதற்கு ஒரு செய்தி. புறங்கையை நீட்டி முகரவிடுங்கள். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான், வற்புறுத்த வேண்டாம். அனுமதி கிடைத்தால் பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரல்நுனியால் சொறிந்துவிடலாம். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்ளும் இடம் அது. பிரான்ஸின் கமார்க் பகுதிக் குதிரைகளில் அந்த இடத்தைச் சொறிந்தபோது இதயத்துடிப்பு குறைந்ததை 1993இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. தட்டிக்கொடுப்பது நமக்குப் பிடித்த பாராட்டு. குதிரை குதிரையைத் தட்டிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

இவை கைக்கும் காலுக்குமான பாடங்கள். இதைவிடக் கடினமானது நம் மூச்சு. ஸ்வீடனில் நடந்து 2009இல் வெளியான ஒரு சோதனையை நான் எல்லா உரிமையாளர்களிடமும் சொல்கிறேன். குதிரையைப் பிடித்து நடத்துபவர்களும் சவாரி செய்பவர்களும் ஒரே பாதையில் நான்கு முறை போனார்கள். நான்காம் முறைக்குச் சற்று முன்பு, "நீங்கள் கடக்கும்போது ஒருவர் குடையை விரிப்பார்" என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. குடையை யாரும் விரிக்கவில்லை. ஆனாலும் அந்தச் சுற்றில் மனிதர்களின் இதயத்துடிப்போடு குதிரைகளின் துடிப்பும் உயர்ந்தது. குடை பற்றி குதிரையிடம் யாரும் சொல்லவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

நம் முகமும் அதற்குக் கணக்குத்தான். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகக் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில், காலையில் ஒருவரின் கோபமான முகத்தைப் புகைப்படத்தில் பார்த்த குதிரைகள், சில மணி நேரம் கழித்து அதே ஆள் சாதாரண முகத்தோடு நேரில் வந்தபோது எச்சரிக்கையோடு நடந்துகொண்டன. அலுவலகத்தில் சண்டை போட்டுவிட்டு நேராக லாயத்துக்குப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தியானம் என்ற பெரிய பெயரெல்லாம் வேண்டாம். கதவுக்கு வெளியே நில்லுங்கள், செல்பேசியை அணைத்து வையுங்கள், இழுப்பதைவிட நீளமாக மூச்சை விடுங்கள், தோளைத் தளர்த்துங்கள். பயமாக இருக்கிறதா? உள்ளே போகாதீர்கள். குதிரையின் முன் தைரியசாலியாக நடிப்பதில் பயனில்லை.

குதிரையோடு பழகினால் மனக்காயம் ஆறும் என்ற பேச்சும் இப்போது அதிகம் கேட்கிறது. இருக்கலாம். நான் குதிரைக்கு மருத்துவன், என் கேள்வி வேறு: அந்தக் குதிரையின் வாயைத் திறந்து பார்த்தீர்களா?

ஏனென்றால் வலியோடு இருக்கும் விலங்கிடம் எந்த அன்பும் எடுபடாது. "திமிர் பிடித்துவிட்டது, கடிவாளம் போடவிடவில்லை" என்று அழைத்து வரப்படும் குதிரைகளில் கடைவாய்ப் பல்லின் ஓரம் கத்திபோல் கூர்ந்து கன்னத்தைக் கிழித்திருப்பதைப் பார்க்கிறேன். சேணத்துக்கு அடியில் முதுகெலும்பின் மேல் புண் இருக்கும். வாயில் முள் பதித்த இரும்பு இருக்கும். அதை 1965ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்குகளுக்கான விதிகளே தடை செய்கின்றன, ஆனாலும் சந்தைகளில் கிடைக்கிறது. அடுத்தது வயிறு. மேய்ச்சலில் விட்டால் குதிரை நாளின் பெரும்பகுதியைத் தின்பதிலேயே கழிக்கும், அதன் இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். காலையில் ஒரு வேளை கொள்ளும் தவிடும், மாலையில் ஒரு வேளை என்று கொடுத்துவிட்டு, இடையில் ஒரு பிடி புல்லும் இல்லாமல் கட்டிவைத்தால் அந்த அமிலம் வெறும் இரைப்பையைத்தான் அரிக்கும். சேணத்தின் வாரை இறுக்கும்போது கடிக்க வரும் குதிரைக்கு வயிற்றில் புண் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கொள்ளைக் குறைத்து, புல்லை எப்போதும் முன்னால் போட்டுவைத்த பிறகு குணம் மாறிய குதிரைகள் உண்டு.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின்போது கூடும் சந்தையில் மார்வாரி, கத்தியவாரி என்று பல குதிரைகள் வந்து நிற்கும். வாங்க வருபவர்கள் சுழி, அதாவது உடலில் முடி சுழித்திருக்கும் இடம், பார்க்கிறார்கள். எந்தச் சுழி எங்கே இருந்தால் வீட்டுக்கு ஆகாது என்பதில் பெரிய விவாதமே நடக்கும். எனக்கு அதில் சண்டையில்லை. சுழிக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது வாயின் ஓரத்துக்கும் முதுகுக்கும் செலவிடலாம் என்பேன். மேளத்துக்கு ஆடும் குதிரையை வாங்க ஆசைப்படுபவர்கள் ஆட்டத்தின்போது அதன் வாயையும் வாலையும் மட்டும் கவனியுங்கள். வாய் பிளந்து, வால் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தால் அது தாளத்தை ரசிக்கவில்லை.

கயிறு பிடித்து நடத்தும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இழுத்தால் குதிரை எதிர்த்திசையில் இழுக்கும், அதன் பலத்தோடு நாம் போட்டியிட முடியாது. கயிற்றில் லேசான இறுக்கம் கொடுத்துக் காத்திருங்கள். உடல் எடை முன்னால் சாயும் அந்தக் கணமே, கால் எடுத்து வைப்பதற்கு முன்பே, கையைத் தளர்த்திவிடுங்கள். குதிரை கற்றுக்கொள்வது அந்தத் தளர்விலிருந்துதான். தாமதமாகத் தளர்த்தும் கை எதையும் கற்பிக்காது.

மலைவாசத் தலத்துக்குப் போகிற குடும்பங்களுக்கு: முன்னே சொன்ன 1965ஆம் ஆண்டு விதிகள் மட்டக்குதிரை சுமக்கும் பொதிக்கு 70 கிலோ என்று எல்லை வைத்திருக்கின்றன. அது ஆள் ஏறுவதற்கென்று எழுதப்பட்டதல்ல என்றாலும், அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஒரு மட்டக்குதிரையில் ஏறும் முன் அந்த எண்ணை நினைத்துக்கொள்ளலாம். குழந்தை ஏறப் பயந்து அழுதால் தூக்கி உட்காரவைக்காதீர்கள். பக்கத்தில் நின்று பார்க்கட்டும். எப்படியும் கடிபட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டாமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள், குதிரைக்கும் வெறிநோய் வரும் என்பதால் அந்தத் தடுப்பூசி தேவையா என்பதையும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.