பாலைவன வீடியோவை ஃபார்வர்ட் செய்வதற்கு முன்

மணல், தலைப்பாகை, டொயோட்டா பிக்கப், ஒருவன் கையில் அமெரிக்கத் துப்பாக்கி. கீழே ஒரு வரி: "தீவிரவாதிகளை வளர்ப்பதே வெள்ளைக்காரன்தான், ஆதாரம் பாருங்கள்." 2025 நவம்பரில் மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியின் மேற்குப் பகுதியில் கோப்ரி அருகே தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 5 பேர் கடத்தப்பட்டதிலிருந்து மாலி நமக்கும் வீட்டுச் செய்தியாகிவிட்டது. கூடவே இந்த ஃபார்வர்டுகளும் வந்துவிட்டன. செய்திச் சரிபார்ப்பு வேலையில் இருப்பவர்களுக்கு இப்போது அலுப்பைவிடக் கவலைதான் அதிகம்.

சந்தேகமே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. 2021 ஜனவரி 3 அன்று மாலியின் பூன்டி கிராமத்தின் அருகே, தீவிரவாதிகளோடு போரிட அங்கே இருந்த பிரெஞ்சுப் படையின் விமானங்கள் குண்டு வீசின. செத்தவர்கள் தீவிரவாதிகள் என்றது பிரான்ஸ். திருமணத்துக்குக் கூடிய பொதுமக்கள் 19 பேர் இறந்தார்கள் என்றது ஐ.நா. விசாரணை. 2020 டிசம்பரில் ஆப்பிரிக்காவைக் குறிவைத்த போலிக் கணக்குகளை ஃபேஸ்புக் நீக்கியபோது ரஷ்யத் தொடர்புள்ளவையும் சிக்கின, பிரெஞ்சு ராணுவத்தோடு தொடர்புடையவர்கள் நடத்தியவையும் சிக்கின. 2022 மார்ச் இறுதியில் மாலியின் மூரா கிராமத்தில் மாலி ராணுவமும் வெளிநாட்டுப் படையினரும் சேர்ந்து குறைந்தது 500 பேரைக் கொன்றதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொல்கிறது. அந்நியத் தலையீடு கற்பனை இல்லை. உங்கள் கையில் இருக்கும் 30 நொடி வீடியோ அதை நிரூபிக்கிறதா என்பது வேறு கேள்வி.

எத்தனை முறை சொன்னாலும் மாறாத தப்பெண்ணம் ஒன்று உண்டு: துப்பாக்கி எந்த நாட்டுத் தயாரிப்போ, அந்த நாடுதான் அதைக் கொடுத்தது. தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். 2011-இல் கடாஃபி வீழ்ந்ததும் லிபியாவின் ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. அந்த ஆயுதங்கள் பாலைவனப் பாதைகளில் தெற்கே இறங்கின. 2012-இல் வடமாலி கிளர்ச்சியாளர்கள் கைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அடுத்த பெரிய வழி, ராணுவ முகாம்களைத் தாக்கிப் பறிப்பது. 2019 டிசம்பரில் மாலியின் பக்கத்து நாடான நைஜரின் இனாத்தெஸ் முகாமில் 71 வீரர்கள் கொல்லப்பட்டார்கள். இப்படி விழும் ஒவ்வொரு முகாமின் துப்பாக்கியும் தோட்டாவும் வண்டியும் தாக்கியவர்களுக்குப் போய்ச் சேர்கின்றன. 2017 அக்டோபர் 4 அன்று நைஜரின் டோங்கோ டோங்கோவில் அமெரிக்க வீரர்கள் 4 பேர் பதுங்கித் தாக்கப்பட்டு இறந்தார்கள். இறந்தவர்களில் ஒருவரின் ஹெல்மெட் கேமராப் பதிவையே தீவிரவாதிகள் மறுவருடம் பிரசார வீடியோவாக வெளியிட்டார்கள். அமெரிக்கத் துப்பாக்கி அவர்கள் கைக்கு வர அமெரிக்கா கொடுத்திருக்க வேண்டியதில்லை.

துப்பாக்கியின் உடலில் பொறித்த எண்ணும் தொழிற்சாலை முத்திரையும் திருட்டு பைக்கின் ஆர்சி புத்தகம் மாதிரி. முதலில் வாங்கியவர் யாரென்று தேட வழி கிடைக்கும், இன்று ஓட்டுபவருக்கு யார் கொடுத்தார் என்று தெரியாது. இந்த வேலையில் பழகியவர்கள் துப்பாக்கியைவிடத் தோட்டாவைத்தான் கவனிப்பார்கள். தோட்டாவின் அடிப்பக்கத்தில் பல நாடுகள் ஆலைக் குறியீட்டையும் ஆண்டையும் பொறிக்கின்றன. அண்மைய ஆண்டு இருந்தால் சரக்கு புதிது. போன் வீடியோவில் அது தெரிவதே அபூர்வம்.

வீடியோவில் இருப்பவர் வெளிநாட்டவர் என்பதற்குத் தோல் நிறமும் சாட்சியில்லை. வடமாலியின் துவாரெக் மக்களிலும் அரபு மக்களிலும் வெளிர் நிறத்தவர் நிறையப் பேர். உருமறைப்புச் சீருடை சந்தையிலேயே கிடைக்கும். 2023 டிசம்பர் வரை ஐ.நா. படையில் ஜெர்மானியர், சீனர், எகிப்தியர், வங்கதேசத்தவர் எல்லாரும் அங்கே இருந்தார்கள், எனவே வெளிநாட்டு முகம் தெரிந்தாலே அது தீவிரவாதிகளுக்கு உதவ வந்தவர் என்று ஆகாது.

மாலியின் கோசியில் நடந்ததைப் பாருங்கள். 2022 ஏப்ரல் 19 அன்று பிரெஞ்சுப் படை கோசி முகாமை மாலி ராணுவத்திடம் ஒப்படைத்தது. இரண்டே நாளில், "பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது இதுதான்" என்று மணலில் கிடக்கும் சடலங்களின் மங்கலான படங்களை ட்விட்டரில் ஒரு கணக்கு போட்டது. பிரெஞ்சு ராணுவமோ தன் ட்ரோன் பதிவை வெளியிட்டது. முகாமுக்கு அருகே வெள்ளையர் போலத் தெரிந்த ஆட்கள் சடலங்கள் மேல் மணலைத் தள்ளுவது அதில் இருந்தது. அவர்கள் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படையினர், பழியைப் பிரெஞ்சுப் படை மேல் போடப் பார்க்கிறார்கள் என்றது பிரான்ஸ். ட்ரோன் பறந்ததே உளவு வேலை என்றது மாலி அரசு. இரண்டு பக்கமும் வழக்கில் உள்ள தரப்புகள்தான். ஆனாலும் ஒரு பக்கம் தேதியும் இடமும் உள்ள தொடர்ப் பதிவு, மறுபக்கம் முகவரியில்லாத கணக்கின் மங்கல் படம். இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்க முடியாது.

நீங்களே செய்யக்கூடிய சோதனை 10 நிமிடம்கூடப் பிடிக்காது. வீடியோவை நிறுத்தி, மலை, கட்டடம், பெயர்ப்பலகை தெரியும் மூன்று நான்கு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். படத்தை வைத்துத் தேட உதவும் கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ் இரண்டிலும் தேடுங்கள். ஒன்றில் அகப்படாதது மற்றதில் அகப்படும். சிரியா, லிபியா, சினாய் வீடியோக்கள் "மாலி" என்ற பெயரில் இப்படித்தான் மாட்டும். முதலில் போட்ட கணக்கைத் தேடி அது என்று தொடங்கியது என்று பாருங்கள். நேரத்தில் ஏமாறாதீர்கள்: மாலி நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். நம் கணக்கில் விடியற்காலை 3 மணிப் பதிவு அங்கே முந்தைய நாள் இரவு 9.30. நிலத்தின் நிறத்தையும் பாருங்கள். சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே மாலி, நைஜர் வழியாக நீளும் சாஹெல் பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். ஆகஸ்டில் எடுத்தது என்று சொல்லும் படத்தில் புல்லே இல்லையென்றால் மறுபடி யோசியுங்கள். வடக்கே போகப் போக இந்தச் சோதனை உதவாது, அங்கே எப்போதும் மணல்தான்.

இலவசச் செயற்கைக்கோள் படத்திடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர். எரிந்த ஊர் தெரியும், மோட்டார் சைக்கிளும் மனிதனும் தெரியவே மாட்டார்கள்.

கடத்தப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பாஸ்போர்ட் நகல், கம்பெனி பெயர், சம்பளம், ஊர், பெற்றோர் போன் நம்பர் எதையும் குழுக்களில் போடாதீர்கள். கடத்தியவர்களும் படிக்கிறார்கள், பேரத்தொகை அதை வைத்துத்தான் ஏறும். பாமாகோவில் இந்தியத் தூதரகம் இருக்கிறது, சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது, அங்கே நேராகப் பேசுங்கள். உங்களுக்கு வீடியோ வந்தால் யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாமல் வந்த எண், வந்த நேரத்தோடு சேமியுங்கள். அதிகாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்து, உள்ளே பதிந்திருக்கும் விவரங்களும் போய்விடும்.