தபால் பெட்டிக் கம்பம் ஏன் சாய்கிறது?

பெங்களூரில் தனி வீடுகள் உள்ள தெருக்களில் நடந்து பாருங்கள். கேட்டருகே நட்ட தபால் பெட்டிக் கம்பங்களில் பலவும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். பெட்டியின் கனம்தான் காரணம் என்பார்கள். அது சரியில்லை. தகரப் பெட்டி இரண்டு மூன்று கிலோ இருந்தால் அதிகம். அந்த எடை நேராகக் கீழே இறங்குகிறது, எந்த மண்ணும் அதைத் தாங்கிவிடும். கம்பத்தைச் சாய்ப்பது பக்கவாட்டில் வரும் தள்ளல்.

முதலில் காற்றை எடுத்துக்கொள்வோம். கட்டடங்களுக்கான இந்தியக் காற்றுத் தரவிதி ஐ.எஸ். 875, பெங்களூருக்கு வைத்திருக்கும் அடிப்படை வேகம் நொடிக்கு 33 மீட்டர். (சென்னைக்கு 50. புயல் கணக்கு வேறு.) 33 மீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 650 நியூட்டன் அழுத்தம் தரும். 30க்கு 40 செ.மீ. முகமுள்ள பெட்டியில் அது ஏறக்குறைய 80 நியூட்டன், அதாவது எட்டு கிலோ எடைக்குச் சமமான தள்ளல். பக்கத்து வீட்டுப் பையன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றினால் இதைத் தாண்டிவிடும். யாராவது ஸ்கூட்டரைச் சாய்த்து நிறுத்தினால் சொல்லவே வேண்டாம்.

இந்தத் தள்ளல் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் விழுகிறது. கடப்பாரையால் கல்லைப் பெயர்க்கிற அதே வேலைதான் இது: நீளமான கை மேலே, குட்டைக் கை மண்ணுக்குள். கம்பம் தரைமட்டத்தைச் சுற்றித் திரும்புவதில்லை. புதைந்த பகுதியில் முக்கால் ஆழத்தை ஒட்டி ஓர் இடம் இருக்கிறது, அதைச் சுற்றியே திரும்பப் பார்க்கும். அந்த இடத்துக்கு மேலே, தள்ளும் திசையில் உள்ள மண் எதிர்த்து நிற்கிறது. அதற்குக் கீழே, எதிர்ப்பக்கத்து மண். மேல்மண்ணை அழுத்திப் பிடிக்க அதன்மேல் எதுவும் இல்லாததால் அது சுலபமாகப் பிதுங்கிவிடும். கீழே போகப் போக மேலிருக்கும் மண்ணின் பாரம் கூடுகிறது, எதிர்ப்பும் கூடுகிறது.

ஆகவே ஆழத்துக்குக் கிடைக்கும் பலன் நேர்விகிதத்தில் வளர்வதில்லை. மணற்பாங்கான மண்ணில் குழியின் ஆழத்தை 30 செ.மீ.யிலிருந்து 60 ஆக்கினால், ஏட்டுக் கணக்கின்படி கம்பம் தாங்கும் தள்ளல் 6 மடங்குக்கு மேல் உயரும். கான்கிரீட் செலவு 2 மடங்குதான். அகலத்தை இரட்டித்தாலோ கான்கிரீட் 4 மடங்கு ஆகும், தாங்கும் திறன் 2 மடங்கோடு நின்றுவிடும். களிமண் கலந்த மண்ணில் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இராது. ஆனாலும் ஆழம்தான் ஜெயிக்கும்.

இங்கே கட்டட வேலைக்கு வரும் மேஸ்திரிகளில் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள் நிறைய. "ஆழம் எதுக்கு சார், ஒரு அடி தோண்டி மேல அகலமா காங்கிரீட் போட்டுடலாம், ஆடவே ஆடாது" என்பார்கள். போட்ட வாரத்தில் ஆடாது, உண்மை. செம்மண் காய்ந்திருக்கும்போது கடப்பாரையையே திருப்பியடிக்கும். செப்டம்பர், அக்டோபர் மழை விழுந்து மேல் ஒரு அடி ஊறியதும் அதே மண் குழைந்துவிடும். ஒரு அடிக் கம்பத்துக்கு அதற்குக் கீழே பிடிப்பு கிடையாது.

தோண்டிக் கொட்டிய மண்ணுக்குப் பழைய இறுக்கம் திரும்பி வராது. அதனால் குழியின் சுவர் செங்குத்தாக, கலையாத மண்ணாக இருக்க வேண்டும். கான்கிரீட் நேராக அந்தச் சுவரிலேயே ஒட்டி நிற்க வேண்டும். 25 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம் போதும். சுமார் 30 லிட்டர், 70 கிலோ கான்கிரீட் பிடிக்கும். முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் ஒரு சிக்கல்: காவிரித் தண்ணீர் விழும் சம்ப் (தரைக்கடித் தொட்டி), அதற்கு வரும் குழாய், கரண்ட் கேபிள் எல்லாம் கேட்டை ஒட்டியே போகும். அவற்றுக்காக ஏற்கெனவே தோண்டி மூடிய இடத்தில் கம்பம் நட்டால் மேலே சொன்ன கணக்கு பலிக்காது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே தபால்காரர் வண்டியில் உட்கார்ந்தபடியே பெட்டியில் போடுவதால் சாலை மட்டத்திலிருந்து 41 முதல் 45 அங்குல உயரம் கேட்கிறார்கள். கம்பத்தையும் 24 அங்குலத்துக்கு மேல் புதைக்க வேண்டாம் என்கிறது அந்நாட்டுத் தபால் துறை. கார் மோதினால் கம்பம் முறிந்து விழ வேண்டும், காரில் இருப்பவர் பிழைக்க வேண்டும். காம்பவுண்டுக்குள் நடும் நமக்கு அந்தக் கவலை இல்லை.

கான்கிரீட் ஈரம் உலர்வதால் இறுகுவதில்லை. சிமெண்டும் தண்ணீரும் வினைபுரிந்து உருவாகும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட், மணலையும் ஜல்லியையும் சேர்த்துக் கட்டுகிறது. மார்ச் மாத வறண்ட காற்றில் தண்ணீர் முன்கூட்டியே ஆவியாகிப் போனால் வினை பாதியில் நின்றுவிடும். ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் நனைப்பது இதற்காகத்தான். 28 நாளில் கிடைக்கும் வலிமையில் அந்த ஒரு வாரத்திலேயே சுமார் மூன்றில் இரண்டு பங்கு வந்துவிடும். முதல் நாள் கம்பத்தை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து அசையாமல் வைக்க வேண்டும். இறுகும் நேரத்தில் ஆடினால் பைப்புக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும், பிறகு மழைநீர் அதில்தான் குடியிருக்கும். தூக்குக் குண்டை ஒரு பக்கம் மட்டும் பிடித்துப் பார்த்தால் போதாது. செங்கோணத்தில் இருக்கும் அடுத்த பக்கத்திலும் பிடிக்க வேண்டும்.

இரும்புக் கம்பம் சாகும் இடம் தரைமட்டம். மேலே காற்றும் வெயிலும் காய வைத்துவிடும், ஆழத்தில் ஆக்சிஜன் குறைவு. ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து கிடைப்பது அந்த இரண்டு விரல்கிடை உயரத்தில்தான். மேலே ஆக்சிஜன் கூடுதல், சற்றுக் கீழே குறைவு என்ற வித்தியாசமே ஒரு குட்டி மின்கலம் ஆகி, கீழ்ப்பகுதி இரும்பைக் கரைக்கிறது. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் இரும்புக்கு முன்னால் துத்தநாகப் பூச்சு கரைவதால் ஆயுள் நீளும். கான்கிரீட்டின் தலையைத் தரைக்கு மேல் ஓரிரு அங்குலம் உயர்த்தி, சுற்றிலும் சரிவாகப் பூசினால் தண்ணீர் அங்கே நிற்காது. பைப்பின் மேல்வாய்க்கு மூடி போடுங்கள். அடிவாய் ஜல்லிமேல் நிற்கட்டும், உள்ளே புகுந்த நீர் வடிந்துவிடும்.

பெட்டி மாட்டத் துளை போடும்போது அந்த இடத்தில் துத்தநாகம் போய்விடும். துத்தநாகப் பிரைமர் தடவிவிட்டு போல்ட் முடுக்க வேண்டும். மழைநீர் தகரத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே உள்ளே நகரும் என்பதால், பெட்டி மூடியின் விளிம்பு கீழ்நோக்கி மடிந்திருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். நீர் வடியப் பெட்டியின் அடியில் இரண்டு சிறு துளைகள் இருப்பது நல்லது. அவற்றில் வலை ஒட்டாவிட்டால் எறும்பு வரும்.