சிரித்த முகமும் எட்டு என்ற எண்ணும்

வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு நாளான, 25 வயது நோயாளிகள் இருவர். இருவருக்கும் ரத்த அழுத்தம் 120/80, நாடித்துடிப்பு 80, மூச்சு நிமிடத்துக்கு 18. பூஜ்யம் முதல் 10 வரையிலான அளவில் தம் வலி 8 என்று இருவருமே சொல்கிறார்கள். ஒருவர் பார்க்க வந்தவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். மற்றவர் பேசாமல் படுத்திருந்து, புரளும்போது முகம் சுளிக்கிறார். கேஸ் ஷீட்டில் இவர்கள் வலிக்கு என்ன எண் எழுதுவது?

செவிலியர்களான பெட்டி ஃபெரெலும் மார்கோ மெக்காஃப்ரியும் 1987-இல் உருவாக்கி, இன்றும் பல நாடுகளில் செவிலிய மாணவர்களிடம் கொடுக்கப்படும் வினாத்தாளில் உள்ள கேள்வி இது. இருவருக்கும் 8 என்பதே விடை. ஆனால் முகம் சுளித்தவருக்கு 8 எழுதும் மாணவர்களிலேயே பலர், சிரித்தவருக்கு எண்ணைக் குறைத்துவிடுகிறார்கள்.

வலி தொடங்கியதும் நாடியும் ரத்த அழுத்தமும் ஏறுவது உண்மைதான். ஆனால் உடல் அந்த முறுக்கிலேயே நெடுநேரம் நிற்பதில்லை. வலி அப்படியே இருக்க, அவை மட்டும் இயல்புக்கு இறங்கிவிடலாம். முகத்தையும் நம்புவதற்கில்லை. காயத்திலிருந்து கிளம்பும் செய்தி தண்டுவடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு வாயில் இருப்பதாக மெல்சாக், வால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1965-இல் விளக்கினார்கள். காவிரிப் படுகைக்காரர்களுக்கு மதகு என்றாலே போதும். மூளையிலிருந்து கீழிறங்கும் நரம்புகள் அந்த மதகை ஏற்றவும் இறக்கவும் வல்லவை என்பதால், வேண்டியவரோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் வலி சற்று அடங்கலாம். வந்தவர் பஸ் பிடிக்கக் கிளம்பியதும் அது பழையபடி பாயும். சிரிப்பு பல நேரங்களில் வலியைச் சமாளிக்கும் வழியே தவிர, வலி இல்லை என்பதற்குச் சான்று அல்ல.

நம் ஊர் வார்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நாற்பது வருடம் நடவு நட்ட ஒரு பாட்டி, குடலிறக்க அறுவைக்குப் பின், முந்தானையைச் சுருட்டி வயிற்றில் அழுத்திப் பிடித்தபடி படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "வலிக்குதா பாட்டி?" என்றால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல பாப்பா" என்பார். "இருமும்போது எப்படி இருக்கு?" என்று கேட்டால்தான், "அய்யோ, அப்ப உசுரு போவுது" என்பது வெளிவரும். அசையாமல் கிடக்கும்போது உள்ள வலி வேறு, அசையும்போது எழும் வலி வேறு. இருமப் பயந்தால் சளி நெஞ்சில் தங்கி நிமோனியா வரை போகலாம் என்பதால், இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

சொல்லையும் கவனிக்க வேண்டும். வரப்பில் கல் தடுக்கினால் முதலில் வரும் 'சுளீர்', நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடும் ஏ-டெல்டா நரம்பிழைகளின் வேலை. பின்னால் வந்து தங்கும் 'கடுப்பு', நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டரே நகரும் சி இழைகளுடையது. எரிகிறது, கரன்ட் அடித்தாற்போல் இருக்கிறது என்றால் நரம்பே பழுதாகியிருக்கலாம். அதற்கு வழக்கமான வலி மாத்திரைகள் பெரும்பாலும் போதாது. இவ்வளவையும் 'வலி உள்ளது' என்ற இரண்டு சொற்களில் அடைப்பது, என் பார்வையில், கையில் கிடைத்த தகவலைக் கொட்டிவிடுவதுதான்.

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் என்றதும், நோயாளி அதற்கு அடிமையாகிவிடுவாரே என்ற பயம் மாணவர்களுக்கு. நாள்பட எடுத்தவர் திடீரென நிறுத்தும்போது படும் அவதி உடற்சார்பு; கேடு என்று தெரிந்தும் தேடி ஓடுவதுதான் அடிமைத்தனம்; இரண்டும் ஒன்றல்ல. மூச்சு மட்டுப்படும் ஆபத்து உண்டென்றாலும், பொதுவாக அதற்கு முன் மயக்கம் போன்ற தூக்கம் கூடிவரும் என்பதால், தூக்க நிலையைப் பார்த்து, மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும் செவிலியர் முன்கூட்டியே டாக்டரைக் கூப்பிட முடியும். மார்ஃபினின் விளைவை முறிக்கும் மருந்தாக நாலாக்சோனும் இருக்கிறது.

பாட்டிக்குப் பத்துக்கு எத்தனை என்ற கணக்கு பிடிபடாவிட்டால், கொஞ்சமா, நடுத்தரமா, ரொம்பவா என்று கேட்கலாம். மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து மாணவி திரும்பி வந்து, "இப்ப இருமிப் பாருங்க பாட்டி" என்கிறாள். பாட்டி முந்தானையை அழுத்தியபடி இருமிவிட்டு, "முக்காவாசி கொறஞ்சிட்டு பாப்பா" என்கிறார். கேஸ் ஷீட்டில் மணியைக் குறித்து, அதன் எதிரே அவர் சொன்னதை அவள் அப்படியே எழுதுகிறாள்.